ஆங்கிலம் கற்பவர்களைச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வைப்பது எப்படி?

நீங்கள் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் காய்கறிப் பெயர், மெனு வார்த்தை எல்லாம் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். ஓட்டலில் உட்கார்ந்து ஆர்டர் செய்வதுபோல் பேசச் சொன்னால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திருச்சியில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ்கள்.

வார்த்தைப் பட்டியலைத் தள்ளி வையுங்கள். 'ங்க'விலிருந்து தொடங்குங்கள்.

"அண்ணே, ரெண்டு இட்லி குடுங்க." இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. மரியாதை முழுக்க அந்த 'அண்ணே'யிலும் 'ங்க'விலும் இருக்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "கிவ் டூ இட்லி" என்று ஆகிறது. 'கிவ்'வில் ஒட்ட வைக்க 'ங்க' இல்லை. பேசும் பிள்ளை மனசுக்குள் "குடுங்க" என்றுதான் சொல்கிறது. கேட்கிறவர் காதில் "ஏய், குடு" என்று விழுகிறது. என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன முதல் வாரம் ஒரு கடையில் "ஐ வான்ட் ஒன் டீ" என்று கேட்டிருக்கிறாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் முகம் மாறிவிட்டது. அன்று இரவு போனில், "நான் என்ன மிஸ் தப்பா சொன்னேன்?" என்று அழுதாள். இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது, நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டது.

அதற்குப் பிறகு முதல் வகுப்பிலேயே போர்டில் மூன்று வரி எழுதிவிடுகிறேன். 'குடு' என்பதற்கு நேராக 'கிவ் மீ'. 'குடுங்க' என்பதற்கு நேராக 'கேன் ஐ ஹேவ்... ப்ளீஸ்'. 'கொஞ்சம் குடுக்குறீங்களா' என்பதற்கு நேராக 'குட் ஐ ஹேவ்... ப்ளீஸ்'. ஆர்டர் எடுக்க வந்து நிற்கிறவரிடம் 'ஐல் ஹேவ் த சூப், ப்ளீஸ்' என்றாலும் போதும். இப்படி நேருக்கு நேர் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. மரியாதை தெரியாதவர்கள் இல்லை அவர்கள். அந்த மரியாதையை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் 'ப்ளீஸ்' சொல்ல அவர்களுக்குக் கூச்சம் இருக்கும். நமக்கு அந்த வார்த்தை "ப்ளீஸ்டா, ப்ளீஸ்டா" என்று கெஞ்சும்போதுதான் வாயில் வரும். தண்ணீர் வைத்த சர்வருக்கு நன்றி சொல்வதும் நம் பழக்கத்தில் இல்லை. தலையை ஆட்டுவோம், "சரிண்ணே" என்போம். அங்கே தட்டு வைத்தால் ஒரு 'தேங்க்ஸ்', தட்டை எடுத்தால் இன்னொரு 'தேங்க்ஸ்'. நடிப்பாகத் தோன்றுகிறது என்று சிலர் சொல்வார்கள். அதையும் வகுப்பில் பேசித்தான் கடக்க வேண்டும்.

அடுத்தது 'சாப்பிடு'. நாம் சோறும் சாப்பிடுகிறோம், காபியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். அதனால் 'ஈட் காஃபி', 'ஈட் டேப்லட்' என்று வருவது இயல்புதான். 'ஹேவ்' என்ற ஒரே வினையைக் கையில் கொடுங்கள்: ஹேவ் எ காஃபி, ஹேவ் லன்ச், ஹேவ் சம் மோர் ரைஸ். மாத்திரைக்கு மட்டும் 'டேக்'. இன்னொன்று, "சாப்டாச்சா?" என்று நாம் அன்பாகக் கேட்பதை 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று உடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரரிடம் கேட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைக்கக்கூடும்.

'ஒத்துக்காது' என்ற சொல்லில் நிறைய நேரம் செலவழியுங்கள். "கத்திரிக்கா எனக்கு ஒத்துக்காது" என்பதை ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் சொல்கிறார்கள்: 'இட் டஸன்ட் அக்ரீ வித் மீ.' ஆனால் நம் பிள்ளைகள் பிடிக்காததற்கும் அஜீரணத்துக்கும் 'அலர்ஜி' என்று சொல்லிவிடுகிறார்கள். பிரிட்டனில் அந்த வார்த்தை சமையலறை வரை போகும். அங்கே உணவு விற்கிறவர்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். நாம் தினம் தாளிக்கிற கடுகு, பொடியில் சேர்க்கிற எள், வேர்க்கடலை மூன்றும் அந்தப் பதினான்கில் உண்டு. உண்மையிலேயே ஒவ்வாமை இருப்பவர் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும், இல்லாதவர் அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டும்.

சைவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு வைக்கிறேன். 'ஐ ஆம் வெஜ்' என்றால் அங்கே புரியாது. 'வெஜ்' என்பது காய்கறி. 'ஐ ஆம் வெஜிடேரியன்' என்றாலும் முட்டை வரும். அதனால் 'ஐ டோன்ட் ஈட் எக்ஸ் ஐதர்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்கறி சூப் கோழி வேகவைத்த சாற்றில் செய்ததாக இருக்கலாம். 'இஸ் இட் மேட் வித் சிக்கன் ஸ்டாக்?' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

மற்றபடி நம்மூர் ஆங்கிலத்தைத் தப்பு என்று அடித்துத் திருத்தாதீர்கள். ஹோட்டல், மீல்ஸ், பார்சல், பிரிஞ்சால் எல்லாம் இங்கே சரியான சொற்கள். ஊர் மாறினால் வார்த்தை மாறும் என்று சொல்லிக்கொடுங்கள். பார்சல் பிரிட்டனில் டேக்அவே, அமெரிக்காவில் டு கோ. நம்ம ஆஃப்பாயில் அங்கே சன்னி சைடு அப்; சிங்கப்பூரில் ஹாஃப் பாயில்டு எக் கேட்டால் ஓட்டோடு லேசாக அவித்த முட்டையை உடைத்து ஊற்றித் தருவார்கள். இங்கே மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு, பிரிட்டனில் முற்றிய செம்மறி. 'ஆன்ட்ரே' என்பது அமெரிக்க மெனுவில் முக்கிய உணவு, ஆஸ்திரேலிய மெனுவில் அதற்கு முன்னால் வருவது. அவர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்ததும் மாணவர்களுக்குப் பயம் பாதி போய்விடும்.

சுவையைப் பேசும் பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'வெரி டேஸ்ட்', 'சூப்பர்' இரண்டையும் அன்று தடை செய்துவிடுவேன். தமிழில் சாப்பாட்டைப் பற்றி எப்படியெல்லாம் குறை சொல்வோம் என்று முதலில் கேட்பேன். கொட்டும்: உப்புச் சப்பில்லை, குழைஞ்சு போச்சு, நமுத்துப் போச்சு, அடிப்பிடிச்சிருச்சு, ஆறிப்போச்சு, ஊசிப்போச்சு. இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் தேடும்போது வார்த்தை தானாக ஒட்டிக்கொள்கிறது: பிளாண்ட், மஷ்ஷி, கான் சாஃப்ட், பர்ன்ட் அட் த பாட்டம், கான் கோல்டு, கான் ஆஃப். 'ஹாட்' ஒன்றுதான் சிக்கல். சூடும் காரமும் நமக்கு இரண்டு, அவர்களுக்கு ஒன்று. காரத்துக்கு 'ஸ்பைசி' என்றால் குழப்பம் குறையும். துவர்ப்புக்கு அகராதியில் ஒரு சொல் உண்டு, ஆனால் சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்பது அபூர்வம். 'இட் மேக்ஸ் மை மவுத் ட்ரை' என்று விளக்கச் சொல்லுங்கள். வார்த்தை தெரியாதபோது விளக்கிச் சமாளிப்பதும் மொழித் திறமைதான்.

குறையைச் சர்வரிடம் சொல்லும்போது மறுபடி 'ங்க'. 'திஸ் இஸ் கோல்டு' என்று போட்டு உடைக்காமல், 'சாரி, திஸ் இஸ் எ பிட் கோல்டு. குட் யூ வார்ம் இட் அப், ப்ளீஸ்?' என்று சொல்ல வைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வாயடைத்துப் போவதற்குக் காரணம், பயிற்சியில் சர்வராக நடிப்பவரும் மனப்பாட வசனம் பேசுவதுதான். நிஜ சர்வர் அப்படிப் பேச மாட்டார். சர்வர் வேடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசுங்கள். 'ஸ்டில் ஆர் ஸ்பார்க்லிங்?' (சாதாரணத் தண்ணீரா, வாயு ஏற்றியதா?) என்று தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கேட்ட பண்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே தவறான தட்டைக் கொண்டு வைத்துவிட்டு, வாய் நிறையச் சாப்பாடு இருக்கும் நேரம் பார்த்து 'எவ்ரிதிங் ஓகே?' என்று வந்து நில்லுங்கள். முதல் நாள் திணறுவார்கள். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் அவர்களாகவே பதில் கண்டுபிடிப்பார்கள்.

உங்கள் வகுப்பில் நர்ஸ்கள் இருந்தால் ஓட்டலோடு நிற்காதீர்கள். விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளின் உணவுக்கும் பானத்துக்கும் 0 முதல் 7 வரை நிலை பிரித்த ஒரு சர்வதேச அளவுமுறை இருக்கிறது, பிரிட்டன் மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ளது. 4 என்றால் மசித்துக் கூழாக்கியது, 5 என்றால் பொடியாக நறுக்கி ஈரப்பதமாக வைத்தது, 6 என்றால் மென்மையான சிறு துண்டுகள். 'ப்யூரேட்', 'மின்ஸ்டு அண்ட் மாய்ஸ்ட்', 'சாஃப்ட் அண்ட் பைட்-சைஸ்டு' என்ற சொற்கள் மாறினால் நோயாளிக்குப் புரையேறும், மூச்சுக்கே ஆபத்தாகலாம். மாணவிகளிடம், "உங்க பாட்டிக்குச் சோறு எப்படிக் குழைச்சு ஊட்டுவீங்க?" என்று கேட்டு அங்கிருந்து இதற்குள் கொண்டுபோகிறேன்.

இன்னும் தயங்குகிறவர்களிடம் கறி, கஞ்சி, மிளகுத்தண்ணி மூன்றையும் எழுதிக் காட்டுவேன். கறி, காஞ்ஜி, மல்லிகடானி என்று ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்த தமிழ்ச் சொற்கள் அவை.

கடைசிப் பயிற்சிக்கு வீட்டுச் சாப்பாடு. பெயரைச் சொல்லாமல் ஒரு பண்டத்தை விளக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மாதம் வாயே திறக்காத ஒரு பெண் போன வருடம் எழுந்து நின்றாள். ராத்திரி மிஞ்சிய சோறு, அதில் தண்ணீர், விடியும்வரை மண்சட்டி, காலையில் உப்பு, சின்ன வெங்காயம். வயலுக்குப் போகும் முன் அவள் அம்மா அதை நின்றுகொண்டே குடிப்பாராம். 'ஷீ ட்ரிங்க்ஸ் இட் ஸ்டாண்டிங்' என்றாள். வகுப்பில் எல்லோருக்கும் விடை தெரிந்துவிட்டது, ஆனால் அவள் பேசி முடிக்கட்டும் என்று யாரும் விடையை வெளியே சொல்லாமல் இருந்தார்கள். முடித்ததும் என்னிடம், "மிஸ், நீராகாரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள்.

வார்த்தைப் பட்டியலை அந்தக் கேள்வி வந்த பிறகு கொடுங்கள்.