கல்லும் சீட்டும்

அன்புள்ள ஐயா,

கனிமங்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். சிறுவயதிலிருந்தே எனக்குக் கல் பொறுக்கும் பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சட்டைப்பையில் ஏதாவது ஒன்று வந்துவிடும். வேலைக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கவும் ஆரம்பித்தேன். இன்றைக்கு மூன்று டப்பா நிறையக் கிடக்கிறது. குவார்ட்ஸ், கால்சைட், காக்காப்பொன் (மைக்கா), ஒரு செவ்வந்திக்கல், இன்னும் என்னென்னவோ. எது எங்கே கிடைத்தது என்று எதையும் எழுதி வைக்கவில்லை. பாதி நினைவிருக்கிறது, பாதி இல்லை.

சமீபத்தில் டப்பாவைத் திறந்தால், தங்க நிறத்தில் மின்னிக்கொண்டிருந்த பைரைட் ஒன்று வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி உதிர்த்துக் கிடக்கிறது. அடியில் விரித்திருந்த காகிதம் கருகினாற்போல் ஆகிவிட்டது. கல்லுக்குக்கூட நோய் வருமா? மற்றவற்றுக்கும் பரவுமா?

அரிய கல் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அடுத்து எதை வாங்கினால் சேகரிப்பின் மதிப்புக் கூடும்? இவற்றைத் தன் வகுப்பில் காட்ட வேண்டும் என்று என் மகள் நச்சரிக்கிறாள். இந்தச் சாதாரணக் கற்களைக் கொண்டுபோய் என்னத்தைக் காட்டுவது என்று கூச்சமாக இருக்கிறது. வீட்டிலோ, "டப்பாவில் பூட்டி வைக்கத்தானா இத்தனை கல்?" என்று கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்தப் பைரைட்டை டப்பாவிலிருந்து வெளியே எடுங்கள். கடிதத்தின் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சேகரிப்பவர்களும் அதை நோய் என்றுதான் சொல்கிறார்கள். பைரைட் நோய். கிருமி எதுவும் கிடையாது. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதைத் தாக்கும்போது இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகின்றன. நீங்கள் பார்த்த பொடி சல்பேட். காகிதத்தைக் கருக்கியது அமிலம். ஆகவே தொற்றாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை அரிக்கும். ஒட்டினாற்போல் கால்சைட் ஏதாவது கிடந்திருந்தால் அதன் முகங்கள் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அமிலத்துக்கு முதல் பலி அதுதான். எல்லாப் பைரைட்டும் இப்படி ஆவதில்லை. நன்றாக வளர்ந்த பெரிய படிகங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். களிமண் பாறைகளில் நுண்ணிய மணிகளாக உருவானதும், அதே சரக்கில் வேறு அமைப்போடு உருவாகும் மார்க்கசைட்டும்தான் சீக்கிரம் உதிர்பவை.

உலர்ந்த பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிடுங்கள். தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காற்றுப் புகாத தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் சிதைவு வேகமெடுக்கும். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், அதை மீட்க வழியில்லை. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

திறந்ததுதான் திறந்தீர்கள், மற்றவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். செவ்வந்திக்கல் நாள்பட்ட வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் அழகாக இருக்கிறதே என்று அங்கே வைக்காதீர்கள். மனோசிலை எனப்படும் ரியல்கார் வெளிச்சம் பட்டுப்பட்டே மஞ்சள் பொடியாகிவிடும். உப்புப் படிகம் ஈரக்காற்றில் கசிந்து கரையும். ஜிப்சம் நகம் பட்டாலே கீறும். கல் என்றால் காலத்துக்கும் நிற்கும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, எதை வாங்கினால் மதிப்புக் கூடும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கனிமச் சேகரிப்பில் பாதி மதிப்பு கல்லுக்கு, பாதி அது கிடைத்த இடத்துக்கு. ஸ்பெயினின் நவாஹுன் சுரங்கத்துப் பைரைட் இயந்திரத்தில் அறுத்தெடுத்த மாதிரிக் கச்சிதமான கனசதுரமாகச் சாம்பல் நிறப் பாறையில் பதிந்திருக்கும். இத்தாலியின் எல்பா தீவுப் பைரைட்டோ ஐங்கோண முகங்கள் 12 கொண்ட உருவத்துக்குப் பேர்போனது. இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். வளர்ந்த இடத்தின் வெப்பமும், அங்கே ஓடிய திரவமும் அதில் கரைந்திருந்தவையும் வேறு, அதனால் உருவமும் வேறு. இடம் தெரிந்தால் அந்த உருவம் எப்படி வந்தது என்று மேலே தேடலாம். தெரியாவிட்டால் ஒரு மஞ்சள் கல், அவ்வளவுதான். கேவன்சைட் என்று ஆழ்ந்த நீலத்தில் ஒரு கனிமம் உண்டு. முதலில் அமெரிக்காவின் ஓரெகானில் கண்டுபிடித்தார்கள். ஆனால் உலக அருங்காட்சியகங்களில் பார்வைக்கு இருக்கும் நல்ல மாதிரிகளில் பெரும்பாலானவை புணேவை அடுத்த வாகோலி குவாரிகளின் பசால்ட் பாறையில் கிடைத்தவை. கிடைத்த இடம் ஓரெகான் என்று கூடவே சீட்டு எழுதி வைத்த கேவன்சைட்டுக்கும் வாகோலி என்று எழுதியதற்கும் ஆராய்ச்சியாளர் கண்ணில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆர்தர் கிங்ஸ்பரி ஓர் உதாரணம். பிரிட்டனின் பெயர்பெற்ற கனிமச் சேகரிப்பாளர், 1968-இல் இறந்தார். அந்த நாட்டில் யாரும் பார்த்திராத கனிமங்களைத் தான் அங்கே கண்டெடுத்ததாக வரிசையாக அறிவித்தவர். அவர் சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 1990-களில் உட்கார்ந்து ஆராய்ந்தபோது, வேறு நாடுகளிலிருந்தும் பழைய சேகரிப்புகளிலிருந்தும் வந்த பல கற்களுக்கு அவர் பிரிட்டன் ஊர்ப்பெயர்களை ஒட்டியிருந்தது தெரியவந்தது. கற்கள் எல்லாம் அசல், சீட்டுகள் பொய். விளைவு என்னவென்றால், அவர் உண்மையாகவே கண்டெடுத்ததையும் இன்று யாரும் நம்பத் துணிவதில்லை. ஒரு வாழ்நாள் உழைப்பு முழுக்கச் சந்தேகத்தில் கிடக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாதி நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியை இந்த வாரமே எழுதிவிடுங்கள், அது கால்பாதியாவதற்குள். ஆனால் நினைவிலிருந்து எழுதுவதற்குப் பக்கத்தில் "நினைவிலிருந்து" என்றே குறியுங்கள். மறந்துபோனதற்கு "இடம் தெரியாது". அநேகமாக இங்கேதான் இருக்கும் என்று உத்தேசமாக ஓர் ஊரை எழுதினால், பத்து வருஷம் கழித்து உங்களுக்கே அது உத்தேசம் என்பது மறந்துவிடும்.

எண் போடுவது எளிது. படிகம் இல்லாத பக்கமாக, பார்வைக்கு வைத்தால் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு பொட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய முனைப் பேனாவால், அழியாத கறுப்பு மையில், எண். மை காய்ந்ததும் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. அவசரப்பட்டு ஈர மையின் மேல் வார்னிஷ் போட்டால் எண் கலங்கி 3, 8 ஆகிவிடும். அதே எண்ணை நோட்டில் போட்டு, என்ன கனிமம், எங்கே கிடைத்தது, எப்போது, யாரிடமிருந்து என்று எழுதுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. குவாரியா, ஆற்றுப்படுகையா, சாலைக்கு வெட்டிய பாறையா என்பதும் வேண்டும். கனிமத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதைக் கல்லைப் பார்த்து என்றைக்கு வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். இடத்தைக் கல்லைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். வாங்கிய கற்களோடு பழைய சீட்டு வந்திருந்தால், எழுதியிருப்பது தப்பாகவே இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சீட்டை அதன் மேலே வையுங்கள்.

அரிய கல் இல்லை என்ற வருத்தம் எனக்குப் புரியவில்லை. இதுவரை 6000-க்கும் மேற்பட்ட கனிமங்களை அங்கீகரித்திருக்கிறார்கள். அவற்றில் ஏராளமானவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும் துகள்கள். அரிய கனிமம் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு பாறையைக் காட்டி, அதிலிருக்கும் மஞ்சள் புள்ளியைக் காட்டி, பெயரைச் சொல்வார். பார்ப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

உங்கள் கால்சைட்டுகளில் நல்ல தெளிவான துண்டு ஏதாவது இருக்கிறதா? காகிதத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் அந்தத் துண்டை வையுங்கள். புள்ளி இரண்டாகத் தெரியும். இப்போது கல்லைக் காகிதத்தோடு ஒட்டியபடியே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். மற்றது அதைச் சுற்றி வரும். டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்தோலின் ஐஸ்லாந்துக் கால்சைட்டில் இதைப் பார்த்து 1669-இல் எழுதினார். ஏன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகிறது என்பதை விளக்கப் போய்த்தான் ஒளியைப் பற்றிய நம் அறிவில் பெரும்பங்கு வந்தது. உங்கள் டப்பாவில் இருக்கிறது அந்தக் கல். இதை வைத்துக்கொண்டு கூச்சம் எதற்கு?

மேற்கொண்டு சேர்க்க ஆசை இருந்தால், எதைச் சேர்க்கப் போவதில்லை என்று முதலில் முடிவெடுங்கள். கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும் என்றால் டப்பாக்கள்தான் பெருகும். ஒரே குவாரியில் கிடைக்கும் எல்லாக் கனிமங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் கற்கள் மட்டும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள், இடம் அடைக்காது, சிறிய படிகங்கள் பழுதில்லாமலும் கிடைக்கும். என்னைக் கேட்டால் ஒரே கனிமத்தின் பல முகங்கள் என்பேன். கால்சைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய்ப்பல் போலக் கூர்ந்தது, ஆணித்தலை போலத் தட்டையானது, சாய்ந்த பெட்டியாக உடைவது, கோபால்ட் கலந்து இளஞ்சிவப்பானது என்று ஒரு ஆயுளுக்குப் போதும். மூன்று டப்பாவை இரண்டாகக் குறைத்தாலும் நல்லதுதான்.

வாங்கும்போது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். படிகம் பாறையோடு சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும், ஒட்டியிருந்தால் பசையில் சிறு குமிழிகள் தெரியும். அடி வெள்ளையாகவும் நுனி தீஞ்ச ஆரஞ்சாகவும் இருக்கும் சிட்ரின் எனும் மஞ்சள் குவார்ட்ஸ் பெரும்பாலும் சூடாக்கிய செவ்வந்திக்கல். பளீரென்ற நீலப் படிகக் கொத்தை இயற்கைச் சால்கந்தைட் என்று விற்பார்கள், மயில்துத்தக் கரைசலில் எவரும் வளர்த்துவிடலாம் அதை. சாயம் ஏற்றிய அகேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கண்ணுக்கே தெரியும்.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று ஒருவர், தன் சொத்தால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாக வழிசெய்தவர். அவர் ஆயிரக்கணக்கில் கனிமங்கள் சேர்த்திருந்தார். அவை அந்த நிறுவனத்திடம் வந்து, 1865-இல் நடந்த தீவிபத்தில் அழிந்துபோயின. ஆனால் அவர் காலமைன் என்று பொதுவாக அழைக்கப்பட்ட துத்தநாகத் தாதுக்களை ஆராய்ந்து, அது ஒரே கனிமம் அல்ல என்று எழுதிப் பதிப்பித்திருந்தார். அதிலிருந்து பிரித்தறிந்த துத்தநாகக் கார்பனேட்டுக்கு 1832-இல் ஸ்மித்சனைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். பூட்டி வைத்திருந்தது எரிந்துபோயிற்று, எழுதிக் கொடுத்தது நம்மிடம் இருக்கிறது.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரே இடத்தில் கிடைத்த கல் மூன்று இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது சீட்டின் நகலும் கூடவே போக வேண்டும். நல்ல படம் எடுத்து, இடத்தோடும் அளவோடும் பதிவு செய்தால் முகம் தெரியாதவருக்கும் பயன்படும். கனிமங்கள் கிடைக்கும் இடங்களைப் பற்றி இன்று எல்லோரும் புரட்டும் மைண்டாட் தரவுத்தளம், 1993-இல் ஒருவர் தனக்கென்று ஆரம்பித்த பதிவேடுதான். 2000-இல் அதைப் பொதுவில் திறந்துவிட்டார்.

மகளின் வகுப்புக்குக் கட்டாயம் கொண்டுபோங்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்காட்ட வேண்டாம், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதற்கென்று பழுதானாலும் பரவாயில்லாத கற்களாகத் தனியே பிரித்து வையுங்கள். மெருகிடாத பீங்கான் ஓடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பைரைட்டை அதில் தேய்த்தால் பச்சை கலந்த கறுப்புக் கோடு விழும், தங்கம் என்று நினைத்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கறுத்து மின்னும் ஹெமடைட் செம்பழுப்புக் கோடு போடும். மேக்னடைட் இருந்தால் ஒரு காந்தமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈயம் உள்ள கலீனா, பாதரசம் உள்ள சாதிலிங்கம், ஆர்செனிக் உள்ள மனோசிலை, கல்நார் இழைகள் இவை எதுவும் வகுப்புக்கு வேண்டாம். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறதே என்று ஆட்டுனைட் மாதிரி யுரேனியக் கனிமங்களையும் எடுத்துப் போகாதீர்கள். விளக்கு கொண்டுபோவதானால் 365 நானோமீட்டர் விளக்கு போதும், அதையும் யார் கண்ணிலும் நேரே அடிக்க விடாதீர்கள். அதைவிட அலைநீளம் குறைந்த குற்றலைப் புற ஊதா விளக்கு கண்ணுக்கு இன்னும் ஆபத்து, அது வீட்டிலேயே இருக்கட்டும். முடிந்ததும் எல்லோரையும் கை கழுவச் சொல்லுங்கள்.

காக்காப்பொன்னை மறந்துவிடாதீர்கள். அதை நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம், உரித்த ஏட்டை இன்னும் மெல்லிய ஏடாக உரிக்கலாம், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். ஒரு பிள்ளை உரிக்க ஆரம்பித்தால் மொத்த வகுப்பும் கை நீட்டும், திரும்பி வரும்போது பாதிகூட மிஞ்சாது. இருப்பதில் பெரிய துண்டாக எடுத்துப் போங்கள்.

அன்புடன்