தள்ளிப்போகும் வெளியீடு: யாரிடம் கண்டிப்பு காட்டுவது?

கேள்வி: தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு திறந்த மூல மென்பொருளின் புதிய பதிப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. "என் வசதியும் இதிலேயே வரட்டும்" என்று ஆளாளுக்குக் கேட்பதால் வெளியீடு தள்ளிக்கொண்டே போகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் கோபத்தில் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களிடம் எப்படிக் கண்டிப்பு காட்டுவது?

பதில்: ஆட்களிடம் கண்டிப்பு வேண்டாம், தேதியில் காட்டுங்கள். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரியாததால்தான் எல்லோரும் இதிலேயே இடம் பிடிக்க முண்டியடிக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் புதிய மாற்றங்களைச் சேர்க்க 2 வாரம்தான் வாசல் திறந்திருக்கும். பிறகு பெரும்பாலும் வாரம் ஒரு வெள்ளோட்டப் பதிப்பாக 7 அல்லது 8 வரும். அவற்றில் பிழைதிருத்தம் மட்டுமே. தவறவிட்டவர் சண்டை போடுவதில்லை. 9, 10 வாரங்களில் அடுத்த பதிப்பு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"முடிந்ததும் வெளியிடுவோம்" என்ற வழியும் உண்டு. அப்படி வெளியிட்ட டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 3.0 வந்தது 2002 ஜூலையில், 3.1 வந்தது 2005 ஜூனில். அத்தனை பெரிய சமூகம் அந்தக் காத்திருப்பைத் தாங்கியது. சிறிய குழுவில் அதற்குள் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

வெளியீட்டுக்கென ஒரு தனிக் கிளையை, அதாவது நிரல்தொகுப்பின் தனிப் பிரதியைப் பிரித்துவிட்டு, முதன்மைக் கிளையைத் திறந்தே வையுங்கள். தாமதமாக வந்த வசதியை அன்றே முதன்மைக் கிளையில் சேர்த்து, அது எந்தப் பதிப்பில் வரும் என்று எழுதிவிடுங்கள். உழைப்பு வீணாகவில்லை என்று கண்ணால் பார்ப்பவருக்கு மறுப்பு அவ்வளவாக வலிக்காது.

மொழிபெயர்ப்பாளர்களின் கோபம் முழுக்க நியாயமானது. மென்பொருளின் சொற்றொடர்களை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் (gettext) முறையில் மூலச் சொற்றொடரில் ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும், கோப்புகளைப் புதுப்பிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பு 'சரிபார்க்க வேண்டியது' என்று குறிக்கப்படும். யாராவது பார்த்து உறுதிசெய்யாவிட்டால் பயனருக்கு அந்த இடத்தில் மூல மொழியே தெரியும். கடைசி நாளில் ஒருவர் அழகுக்காக ஒரு வரியைத் திருத்தினால், எல்லா மொழிகளிலும் அந்த வரி கெட்டுவிடும். அதனால் திரையில் வரும் சொற்றொடர்களுக்குத் தனியாக ஒரு உறைநிலைத் தேதி (அதற்குப் பின் மாற்றம் கூடாது என்ற நாள்) வையுங்கள், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே. அதன் பின் மாற்ற வேண்டுமானால் மொழிபெயர்ப்புக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். லினக்ஸுக்கான திரை இடைமுகத்தை உருவாக்கும் க்னோம் திட்டம் இப்படித்தான் செய்கிறது. இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் சலுகை காட்டாதீர்கள்.

எந்தப் பிழை வந்தால் வெளியீடு நிற்கும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்: தரவு அழிவது, பாதுகாப்பு ஓட்டை, முந்தைய பதிப்பில் ஓடியது இதில் ஓடாமல் போவது. மற்றவை 'அறிந்த குறைகள்' பட்டியலுக்குப் போகட்டும். அப்படியும் தேதியைத் தள்ள நேர்ந்தால், ஒரே முறை, போதுமான அளவு தள்ளுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 2006 ஏப்ரல் பதிப்பை 6 வாரம் தள்ளுவதென்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்தார்கள். அது 6.06 என்ற எண்ணோடு ஜூன் 1 அன்று வந்தது. வாரத்துக்கு ஒரு வாரம் என்று தள்ளுவதில்தான் குழுவின் நம்பிக்கை கரைகிறது.

வெளியான மறுநாள் ஒரு பிழை தெரிந்தால், அதே பதிப்பு எண்ணில் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்ய உதவும் சரிபார்ப்பு எண் பதிவிறக்கியவர்களுக்குப் பொருந்தாமல், யாரோ கோப்பைத் திருத்திவிட்டார்கள் என்று அஞ்சுவார்கள். எண்ணை ஒன்று கூட்டி, காரணத்தையும் எழுதி, மறுபடி வெளியிடுங்கள்.