கையெழுத்துக்கு முன்னால் மகனிடம் பேசுங்கள்

அக்கா, மதுப்பழக்கம் பற்றிய ஆய்வுக்கு மகனைக் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளை மாட்டேன் என்கிறான், கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். நான் தக்கலைப் பக்கம். போன வருடம் என் மகளுக்கும் இப்படி ஒன்று வந்தது.

அவன் விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 12 முதல் 18 வயது வரை பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் உரிமை உண்டு.

ஆனால் ஏன் மாட்டேன் என்கிறான் என்று கேட்டீர்களா? என் மகள் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து, ‘வீட்டில் யாராவது குடிப்பதுண்டா’ என்ற மாதிரிக் கேள்வியின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாவைப் பற்றி எழுதினா சாருக்குத் தெரிஞ்சிருமா அம்மா?" என்றாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நம் ஊரில் ஒரு வீட்டு விஷயம் சாயாக்கடை வரை போக எவ்வளவு நேரமாகும்?

படிவத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தாளில் பெயர் எழுத வேண்டுமா, எழுதும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்பாரா, பதிலை யாரெல்லாம் பார்ப்பார்கள், ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்களிடம் பெயர் வேண்டாம், எண் மட்டும், உறையை ஒட்டிக் கொடுக்கலாம் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் சரி என்றாள்.

உங்கள் மகனும் எழுதினால், என்ன எழுதினாய் என்று மட்டும் தோண்டாதீர்கள், அக்கா.