ஒரே வீட்டுச் சாப்பாடு, எனக்கு மட்டும் ஏன் கொலஸ்ட்ரால்?

வீட்டில் எல்லோரும் ஒரே குழம்பைத்தான் சாப்பிடுகிறோம், நான் ஒல்லி, எனக்கு மட்டும் ஏன் கொலஸ்ட்ரால் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். தேங்காய் அரைத்த மீன்கறி, மரச்சீனிக் கிழங்கு என்று நானும் அண்ணனும் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தோம். 35 வயதில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் எனக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 232, அண்ணனுக்கு 118. அம்மா தேங்காயைப் பாதியாகக் குறைத்தார். மூன்று மாதம் கழித்து 211.

டாக்டர் அப்பாவைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். அப்பா ரப்பர் பால் வெட்டினவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்குவார், உடம்பில் சதையே இருக்காது. 47 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்குக் குதிகால் நரம்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒரு தடிப்பு உண்டு. செருப்பு உரசி வந்தது என்றே நினைத்திருந்தோம். அது அங்கே படிந்த கொலஸ்ட்ரால். டாக்டர் என் காலையும் தடவிப் பார்த்தார். அதே இடத்தில், சின்னதாக, இருந்தது.

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரலில் ஏற்பிகள் உண்டு (இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது). அந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பழுதாக வந்தால், பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். தேங்கும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அண்ணன் தப்பினான், எனக்கு வந்தது. குடலும் ஆளுக்கு ஆள் வேறுதான். உள்ளே வரும் கொலஸ்ட்ராலில் சிலர் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள், சிலர் பாதிக்கும் மேலே.

சரி, அப்போ சாப்பாட்டைக் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தேங்காயில் கொலஸ்ட்ராலே இல்லை என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலில் அந்த ஏற்பிகளின் வேலையைக் குறைத்துவிடும். ஏற்கெனவே பாதி ஏற்பியோடு பிறந்த எனக்கு அது தாங்காது. இப்போது மீனைக் குடம்புளி போட்டு, தேங்காய் இல்லாமல் வைக்கிறோம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சாமல் தடுக்கும் எசெட்டிமைப் மாத்திரையும் சேர்ந்து என் எல்.டி.எல். 94க்கு இறங்கியிருக்கிறது.

உங்களுக்கு எல்.டி.எல். 190ஐத் தாண்டினால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடனே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. என் மகளுக்கு 9 வயதில் பார்த்தோம். 174. ராத்திரி அவள் தூங்கும்போது குதிகாலைத் தடவிப் பார்க்கிறேன், இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கிறது.