நிலவின் விளிம்பும் ஊட்டி மலைச்சரிவும்

அன்புள்ள ஐயா,

2024 ஜூலை 25 அதிகாலையில் நிலவு சனிக் கோளை மறைத்ததை எங்கள் மொட்டை மாடியிலிருந்து சின்னத் தொலைநோக்கியில் பார்த்தேன். நட்சத்திரங்களை நிலவு மறைக்கும்போது அவை பொசுக்கென்று போய்விடும். சனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் போனது. ஏன் இப்படி? ரசிப்பதைத் தாண்டி இதனால் பயன் உண்டா?

கே., ராமநாதபுரம்

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

நிலவுக்குக் காற்று மண்டலம் கிடையாது. அதனால் அதன் விளிம்பு கத்தி போலக் கூர்மை. அந்த விளிம்பு நட்சத்திரங்களுக்கு நடுவே மணிக்கு ஏறக்குறைய நிலவின் அகலம் அளவுக்கு நகர்கிறது. நட்சத்திரங்கள் அவ்வளவு தொலைவில் வெறும் புள்ளிகள், அதனால் நொடியில் மறைகின்றன. சனி ஒரு சிறு வட்டு. அதைக் கடக்க விளிம்புக்கு அரை நிமிடமாவது வேண்டும், வளையத்தையும் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்கு மேல். மறைய ஆகும் நேரத்தை வைத்தே வானத்தில் அந்தப் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லிவிடலாம்.

இதை நம்பி நம் ஊட்டியில் ஒரு ரேடியோ தொலைநோக்கியே கட்டினார்கள்! ரேடியோ அலைகள் ஒளியைவிட நீளமானவை, அதனால் அன்றைய தொலைநோக்கிகளுக்கு வானத்தின் ரேடியோ மூலங்கள், அதாவது ரேடியோ அலைகளை அனுப்பும் வான்பொருள்கள், தெளிவில்லாமல்தான் தெரிந்தன. 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில், 3சி 273 என்ற மூலத்தை நிலவு மறைத்தபோது அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். குவாசர்கள் எனப்படும், வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களைப் புரிந்துகொள்ள அது வழி திறந்தது. அப்புறம் இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், நிலவையே பின்தொடரும் ஒரு கருவியை ஊட்டி அருகே முத்தோரையில் அமைத்தார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-இல் வேலையைத் தொடங்கியது. தெற்கு வடக்காகக் கிடக்கும் அந்த மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிலவோடு போகலாம். மலையைத் தேர்ந்தெடுத்த அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களின் அளவை அங்கே எடுத்தார்கள். வலுக்குறைந்த அலைகளாக வந்தவை, அதாவது பெரும்பாலும் அதிகத் தொலைவில் இருப்பவை, சிறிதாகவும் இருந்தன. பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை, மாறிவருகிறது என்பதற்கு அது வலு சேர்த்தது.

நீங்களும் அளக்கலாம். அடுத்த மறைப்பைக் கண்ணருகு லென்ஸில் போனை வைத்து வீடியோ எடுங்கள். பௌர்ணமிக்குப் பிறகு என்றால் ஒளிரும் விளிம்புதான் முன்னே செல்லும், கோள் மறைவது கூசும். இருண்ட பக்கத்தில் அது வெளியே வருவதைப் பிடியுங்கள். வளர்பிறையில் இதற்கு நேர்மாறு. எத்தனை நொடி ஆனது என்று எனக்கு எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து போடுவோம்.