மேடையில் லேப்டாப்: கேட்டதும் சொன்னதும்

கோவில் கொடை, ஆலயத் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று குமரி மாவட்டத்தில் எந்த மேடைக்குப் போனாலும் கீபோர்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்து வாசிக்கப் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணா, மேடை சாப்ட்வேர் என்றால் மெயின்ஸ்டேஜ், ஏபிள்டன், கிக் பெர்ஃபார்மர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் எதைப் படிக்க?

மேடையில் உங்கள் கைக்கு என்ன வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டுக்குப் பாட்டு டோன் மாற்றி முழுக்கக் கையால் வாசிப்பவர் என்றால் மெயின்ஸ்டேஜ் அல்லது கிக் பெர்ஃபார்மர். மெயின்ஸ்டேஜ் ஆப்பிள் தயாரிப்பு, மேக்கில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு கிக் பெர்ஃபார்மர் உண்டு, காண்டபிலே என்று ஒன்றும் உண்டு. பின்னணி டிராக் ஓட, அதன்மேல் குழு வாசிக்கிறது என்றால் ஏபிள்டன் லைவ். இரண்டு வேலையும் வேண்டும் என்று இப்போதே இறங்காதீர்கள். முதல் சீசனுக்கு ஒரு சாப்ட்வேர் போதும்.

தக்கலை: கீயை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. லேப்டாப் பழசு என்பதாலா?

பெரும்பாலும் பழசு காரணமில்லை. லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேராக மிக்சருக்கு ஒயர் போட்டிருப்பீர்கள். விண்டோஸின் சாதாரண ஆடியோ டிரைவர் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. சின்னதாக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே யுஎஸ்பியில் செருகும் சவுண்ட் பெட்டி) வாங்கி, அந்தக் கம்பெனியின் ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த) டிரைவரைப் போடுங்கள். அப்புறம் பஃபர் அளவைப் பாருங்கள், லேப்டாப் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பதுதான் அது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று இருந்தால் அதுவே சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம், விரலுக்குத் தெரியும். 256-க்கு இறக்கினால் 6-க்குக் கீழே வந்துவிடும், 128 என்றால் 3-க்குக் கீழே. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது, அதனால் 64-க்கு இறக்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். மானிட்டர் ஸ்பீக்கரை இரண்டடி பக்கம் இழுத்துப் போட்டாலே அந்த லாபம் கிடைத்துவிடும். பஃபரை மிகவும் இறக்கினால் பிராசசர் திணறி 'பட் பட்' என்று வெடிக்கும். சத்தம் வெடிக்காத மிகச் சிறிய அளவு எதுவோ, அதற்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் சூட்டில் லேப்டாப் வீட்டில் ஓடியது போல ஓடாது.

இரணியல்: எவ்வளவு ரேம் வேண்டும்?

டிராக் மட்டும் ஓட்ட 8 ஜிபி போதும். பெரிய பியானோ, ஸ்டிரிங்ஸ் லைப்ரரிகளை ஏற்றுவதென்றால் 16. எஸ்எஸ்டி கட்டாயம்.

குளச்சல்: நற்கருணைப் பாடலுக்கு டிராக் போடுகிறோம். சில ஞாயிறு வரிசை நீளம், டிராக் முடிந்தும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சில ஞாயிறு பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. என்ன வழி?

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மேடை சாப்ட்வேர் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எம்பி3 டிராக் என்றால் அது தொடங்கும், முடியும், அவ்வளவுதான். எப்போது முடிய வேண்டும் என்று உங்களிடம் கேட்காது. ஏபிள்டனில் செஷன் வியூ என்று, துண்டுகளை நினைத்த நேரத்தில் அழுத்தி ஓட்டும் திரை ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது இது. பாட்டை ஒரே நீளமாக வைக்காமல் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், முடிவு என்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சீனாக (ஒரே அழுத்தில் ஓடும் வரிசையாக) போடுங்கள். சரணமும் பல்லவியும் லூப்பில் இருக்கட்டும். முடிவுத் துண்டுக்கு மட்டும் லூப் வேண்டாம். பாடகர் குழு பல்லவியைத் திரும்ப எடுத்தால் பல்லவி சீனை அழுத்துங்கள். நீங்கள் கொஞ்சம் முந்தி அழுத்தினாலும் அது உடனே பாயாது, நடப்பு பார் (தாளத்தின் ஒரு சுற்று) முடியும்வரை காத்திருந்து அடுத்த பாரின் முதல் தட்டில்தான் மாறும். லாஞ்ச் குவான்டைசேஷன் 'ஒரு பார்' என்று இருந்தால் இப்படி நடக்கும், தொடக்கத்தில் அது அப்படித்தான் இருக்கும். கடைசி ஆள் வாங்கித் திரும்பும்போது முடிவு சீன். முடிந்தது வேலை.

ஒரு இடத்தில் பலர் விழுகிறார்கள். நம் கீர்த்தனைகளிலும் ஆலயப் பாடல்களிலும் மூன்று தட்டுப் பாடல்கள் நிறைய. செட் (உங்கள் ஏபிள்டன் ஃபைல்) 4/4-இல் கிடந்தால், சாப்ட்வேர் நான்கு தட்டுக்கு ஒருமுறைதான் பார் மாறுவதாக நினைக்கும். நீங்கள் பல்லவிக்கு அழுத்துவீர்கள், அது இரண்டாம் தட்டில் போய் விழும், பாடுகிறவர்கள் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். கிளிப்புக்குள், அதாவது அந்த ஒரு துண்டுக்குள், 3/4 என்று போட்டால் மட்டும் சரியாகாது. மேலே இருக்கும் மொத்த செட்டின் தாளக் குறியை மாற்ற வேண்டும், அல்லது அந்த சீனுக்கே டெம்போவும் தாளமும் கொடுத்துவிட வேண்டும். சீனுக்குக் கொடுப்பதுதான் நல்லது. அடுத்த பாட்டு 4/4 என்றால் அந்த சீனுக்கும் 4/4 கொடுத்துவிடுங்கள், அது வரும்போது தானாக மாறிக்கொள்ளும்.

வெட்டும்போது இன்னொன்று. சரணத்தின் கடைசிச் சொல் அடுத்த பாருக்குள் நீளும் பாடல்களில் ரிவெர்ப் வால் (பின்னால் நீளும் எதிரொலி) பட்டென்று அறுந்து கேட்கும். அந்த இடத்தில் ஸ்டிரிங்ஸை டிராக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கையால் பிடியுங்கள். எப்படியும் ஒரு கை சும்மாதானே இருக்கிறது.

திங்கள்நகர்: டிரம்மருக்கு மட்டும் கிளிக் (வேகம் காட்டும் 'டிக் டிக்') போக வேண்டும், ஜனத்துக்குக் கேட்கக் கூடாது. முடியுமா?

நான்கு அவுட் உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தால் 1-2 மிக்சருக்கு, 3-4 டிரம்மரின் ஹெட்போனுக்கு. இரண்டு அவுட்தான் இருக்கிறது என்றால், இடதில் டிராக், வலதில் கிளிக் என்று பேன் செய்து இரண்டு ஒயராக எடுங்கள். டிராக் மோனோ ஆகும், ஆகட்டும். ஊர்த் திருவிழாவில் ஆளுயர பாக்ஸ் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும்போது ஸ்டீரியோவை ரசிக்க நடுவில் யாரும் நாற்காலி போட்டு உட்காரப் போவதில்லை. ஆனால் ஒயரில் 'கிளிக்' என்று டேப் ஒட்டிவிடுங்கள். மைக்செட்காரர் பாவம், இரண்டையும் மெயினில் ஏற்றிவிடுவார்.

குலசேகரம்: அண்ணா, நான் பாடிக்கொண்டே டிராக்கையும் ஓட்டுகிறேன். குனிந்து மவுசைத் தேடுவதற்குள் வரி தப்பிவிடுகிறது.

தங்கச்சி, மவுசை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. ஒற்றைப் பொத்தான் உள்ள யுஎஸ்பி மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பும் முறை) கால் பெடல் இரண்டு வாங்கி ஒன்றுக்கு 'அடுத்த சீன்', மற்றதற்கு 'நிறுத்து' என்று மேப் செய். மிடி மேப்பிங்கை ஆன் செய்து, திரையில் அந்தப் பொத்தானைத் தொட்டு, காலால் ஒருமுறை மிதித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். 'நிறுத்து' பெடல் காலுக்குக் கொஞ்சம் எட்டாத பக்கம் இருக்கட்டும். சேலை கட்டினால் பெடல் கண்ணில் படாது என்று நீ கேட்டிருந்ததற்கும் அதுதான் பதில்: இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடு. வீட்டில் பழகும்போது திரையை மூடிவிட்டுப் பழகு.

நாகர்கோவில்: சார்ஜர் போட்டால் 'ஊம்' என்று இரைச்சல், எடுத்தால் நின்றுவிடுகிறது.

எர்த் லூப், அதாவது லேப்டாப்பும் மிக்சரும் இரண்டு வழியாக எர்த்தில் சேர்வதால் வரும் இரைச்சல். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் ஐசோலேஷன் (மின் இணைப்பைப் பிரிக்கும் வசதி) உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள், போய்விடும். பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டிசம்பர் 3-இல் வரும் கோட்டாறு சவேரியார் திருநாளும் கிறிஸ்துமஸ் கேரலும் வடகிழக்கு மழையோடுதான் வருகின்றன. நனைந்த மேடையில், மைக் உதட்டில் உரசும்போது, எர்த் இல்லாத செட் ஆளை அடிக்கும்.

முட்டம்: ஜாக்கெல்லாம் கரகரக்கிறது. புது ஒயர் போட்டும் அதேதான்.

உப்புக் காற்று. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை நாலைந்து முறை செருகி எடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் இன்டர்ஃபேஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடும் டப்பாவில் வையுங்கள்.

சுங்கான்கடை: ஜெனரேட்டர் மாற்றும்போது லேப்டாப் ஓடுகிறது, ஆனால் சத்தம் திரும்ப வருவதில்லை.

லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, உங்கள் இன்டர்ஃபேஸ் அடாப்டரில் ஓடுகிறது. அது அணைந்து எழும்போது சாப்ட்வேர் அதைத் தொலைத்துவிடுகிறது. ஆடியோ செட்டிங்கில் போய் மறுபடி தேர்ந்தெடுத்தால் வரும். யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

தோவாளை: எங்களுடையது வில்லுப்பாட்டுக் குழு. இளைஞர்கள் லேப்டாப் சேர்க்கச் சொல்கிறார்கள். டிராக் போட்டால் எடுபடுமா?

டிராக் வேண்டாம். கண்டிப்பாகச் சொல்கிறேன். வில்லுப்பாட்டில் வேகம் புலவரின் கையில் இருக்கிறது. வில்லில் வீசுகோல் விழும் வேகத்துக்கு உடுக்கையும் குடமும் ஜால்ராவும் ஓடுகின்றன. கொடையில் சாமி வந்து ஆடத் தொடங்கினால் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பாடி வேகத்தை ஏற்றுவார்கள், சாமி இறங்கினால்தான் கதை நகரும். எந்தக் கிளிக்குக்கும் அது கட்டுப்படாது, கட்டுப்படவும் கூடாது.

ஆனால் லேப்டாப்புக்கு வேலையே இல்லை என்றில்லை. சுருதி ஒன்றை ஒரு கீயில் லூப்பாக வையுங்கள். இடி, சங்கு, குதிரைக் குளம்பு போன்றவற்றைத் தனித்தனி சாம்பிளாக ஒரு ரிதம் பேடில் கொடுங்கள். பேடின் மிடி அவுட்டை லேப்டாப்புக்கு இழுத்து, லாஞ்ச் குவான்டைசேஷனை 'இல்லை' என்று வைத்தால், அடித்த கணத்தில் சத்தம் வரும். இந்த சாம்பிள்களுக்கு வார்ப்பை (ஒலியை செட்டின் வேகத்துக்கு இழுக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். பேடை யாரிடம் கொடுப்பது என்றால், கதை தெரிந்தவரிடம். சாப்ட்வேர் தெரிந்த பையன் பின்னால் உட்கார்ந்து கவனிக்கட்டும்.

அருமனை: மேடையில் வைத்து பாடகர் 'அரைக் கட்டை இறக்கு' என்கிறார். டிராக்கை எப்படி இறக்குவது?

கிளிப்பில் டிரான்ஸ்போஸை மைனஸ் ஒன்று ஆக்கினால் இறங்கும், வேகம் மாறாமல் இருக்க வார்ப் ஆனில் இருக்க வேண்டும். எல்லாம் கலந்த ஒரே டிராக் என்றால் டிரம்ஸும் சேர்ந்து இறங்கி மந்தமாகக் கேட்கும். அதனால் தாளம் ஒரு டிராக், ராகம் ஒரு டிராக் என்று பிரித்துக் கொண்டுபோங்கள், ராகத்தை மட்டும் இறக்கலாம். ஒரு கட்டைக்குமேல் இறக்கினால் வயலின் அழுது வடியும், அந்தப் பாட்டைக் கையால் வாசித்துவிடுவது மேல்.

கருங்கல்: நடுவில் ஹேங் ஆனால்?

அதே வரிசையில் அதே டிராக்குகள் போனில் இருக்கட்டும், ஃபிளைட் மோடில், மிக்சரின் வேறொரு சானலில் ஒயர் செருகியபடி. மற்றபடி முந்தின நாளே வைஃபையை அணைத்து, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைத்து, பவர் செட்டிங்கில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' போட்டு, யுஎஸ்பி தூங்கிப்போகும் செட்டிங்கையும் எடுத்துவிடுங்கள். இந்த நான்கைச் செய்தவர்களிடமிருந்து ஹேங் என்ற புகார் எனக்கு அதிகம் வருவதில்லை. கிராக் போட்ட சாப்ட்வேரைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேடைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். மிடி கீபோர்டு வாங்கினால் பலவற்றோடு ஏபிள்டன் லைட் சேர்ந்தே வருகிறது, காண்டபிலேவிலும் இலவசப் பதிப்பு உண்டு. ஆரம்பிக்க அது போதும்.

புதுக்கடை: என் செட்டை நண்பனின் லேப்டாப்பில் திறந்தால் பாதி டிராக் காணோம்.

செட் ஃபைலுக்குள் ஆடியோ இருக்காது, எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். ஃபைல் மெனுவில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' கொடுத்துவிட்டு, ஃபைலை மட்டும் எடுக்காமல் முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் ஏற்றுங்கள். நண்பனிடம் இல்லாத பிளக்-இன் (சாப்ட்வேருக்குள் தனியாகச் சேர்க்கும் கருவி) இருந்தால் அந்த டிராக்கை முன்கூட்டியே ஆடியோவாக மாற்றிவிடுங்கள்.