ஜிம்முக்குப் போன மூன்றாம் நாள்: அளவு மீறிய பயிற்சி பற்றிய கேள்விகளுக்குப் பதில்

நான் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். கடுமையான உடற்பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டாக்டர், ஒரு வருடம் கழித்து ஜிம்முக்குப் போனேன். முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைத்தார்கள். மூன்று நாளாகப் படி இறங்க முடியவில்லை. இது சாதாரண வலியா, ராப்டோவா?

முதலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். டீ டிகாக்‌ஷன் மாதிரியோ கோலா மாதிரியோ போனால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ராப்டோ, அதாவது ராப்டோமயோலிசிஸ் என்றால் தசை செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்கிற புரதமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டுவது. முதலாவது சிறுநீரகத்தை அடைக்கும், இரண்டாவது இதயத் துடிப்பையே குலைக்கும். சாதாரண வலி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்க் குறைய ஆரம்பிக்கும். ராப்டோவில் தசை வீங்கி இறுகும், பலமே இருக்காது. எங்களிடம் வந்த ஓர் இளைஞருக்கு முழங்கையை மடக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானை அவருடைய அம்மாதான் போட்டுவிட்டார், சிறுநீரை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து எடுத்து வந்திருந்தார்கள். செய்தது புல்-அப் மட்டும்தான், அதுவும் ஒரே நாள். சிபிகே என்கிற ரத்தப் பரிசோதனை சாதாரணமாக 200 சொச்சத்துக்குள் இருக்கும். ஐந்து மடங்கு தாண்டினாலே ராப்டோ என்று யோசிப்போம், இவருக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. நேரத்துக்கு வந்ததால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியே சரியாகிவிட்டது. நிறம் மாறாமலும் ராப்டோ வரலாம், அதனால் மூன்று நாள் ஆகியும் வலி குறையவில்லை என்றால் சிபிகே பார்த்துவிடுங்கள்.

நான் காலேஜில் கபடி ஆடினவன், உடம்பு தாங்கும். எனக்கும் வருமா சார்?

வரும் தம்பி, இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறவர்களில் உங்களை மாதிரி ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மனசுக்குப் பழைய பலம் ஞாபகம் இருக்கும், தசைக்கு இருக்காது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் 13 பேர் ராப்டோவோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எல்லாரும் பயிற்சியிலேயே வளர்ந்தவர்கள்; சில வார விடுமுறை முடிந்து வந்ததும் பாரத்தோடு 100 ஸ்குவாட் செய்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது முதல் வாரம் பழைய அளவில் பாதிகூட வேண்டாம்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டே பயிற்சியைத் தொடரலாமா?

வேண்டவே வேண்டாம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தசை உடைந்து சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரம் அது.

எஸ்ஜிஓடி கூடியிருக்கிறது, ஈரல் கெட்டுவிட்டது என்று லேபில் சொன்னார்கள். நான் குடிப்பதே இல்லை.

எஸ்ஜிஓடி என்கிற நொதி ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் கூடத்தான் காட்டும். ஒரு வாரம் ஓய்வெடுத்து சிபிகேயோடு சேர்த்து மறுபடி பாருங்கள். அப்போதும் கூடியிருந்தால் ஈரலைக் கவனிக்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் தசை வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு 45 வயது. நாலே நிமிடம் என்பதால் தபாட்டா செய்யலாம் என்கிறார்கள். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் போனதிலிருந்து வீட்டில் பயப்படுகிறார்கள்.

அவருடைய மரணத்துக்குப் பயிற்சிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், தெரியாத ஒருவரின் இதயத்தைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது. உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 20 வினாடி முழுமூச்சு, 10 வினாடி ஓய்வு என்கிற அந்த முறையை ஜப்பானில் இசுமி தபாட்டா குழு 1996-ல் ஆய்வாக வெளியிட்டபோது, அதைச் செய்தவர்கள் நல்ல உடற்தகுதி உள்ள இளைஞர்கள். பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கான கணக்கு அது இல்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சியின்போது இதயம் நின்றுபோக முக்கியக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரை, பிரஷர், புகைப் பழக்கம், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் இரண்டு மாதம் வேக நடை. பயிற்சியில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றி விழப் பார்த்தாலோ அந்த செட்டை முடிக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

காய்ச்சலோடு ஜிம்முக்குப் போகலாமா அண்ணா, இல்லையென்றால் ஒரு நாளும் விடாமல் போகிற ஸ்ட்ரீக் போய்விடும்.

போகட்டும். சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும், அந்த நேரத்தில் இதயத்தை விரட்டினால் துடிப்பு தடம் மாறும் ஆபத்து உண்டு.

என் மகன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் என்று மதியம் வெயிலில் ஓடுகிறான், கயிறும் ஏறுகிறான். சொன்னால் கேட்பதில்லை.

அம்மா, அவன் ஆசையைத் தடுக்க வேண்டாம், நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்: காலை ஆறு மணி. கயிறு ஏறுவது முதல் நாள் இரண்டு முறை போதும், உடம்பின் முழு எடையும் கையில் தொங்க இழுக்கும் பயிற்சியில்தான் ராப்டோ சீக்கிரம் வரும். கூட ஒரு நண்பன் இருக்கட்டும். ஓடும்போது பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினாலோ அது வெப்பத்தாக்குதல். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, கையில் கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதை அவனோடு ஓடும் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்.